சுக்கோத் விருந்துக்கு அழைப்பு வந்தால்: குடில் கட்டுவதிலிருந்து தோரா ஆட்டம் வரை

யூத நண்பரோ, கூட வேலை பார்ப்பவரோ, பக்கத்து வீட்டுக்காரரோ செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ "எங்க சுக்காவுக்குச் சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடுங்கள். நியூயார்க், லண்டன், டொராண்டோ, மெல்போர்ன் மாதிரி ஊர்களில் குடியேறியவர்களுக்கு இந்த அழைப்பு என்றாவது ஒருநாள் வரலாம்; இஸ்ரேலுக்குப் படிக்கவோ வேலைக்கோ போனவர்களுக்குப் பெரும்பாலும் வரும். அவர்கள் வீட்டுப் பண்டிகையில் நமக்கென்ன வேலை என்று ஒதுங்க வேண்டாம். சுக்கோத் என்னும் இந்தக் குடில் பண்டிகையின் சந்தோஷமே விருந்தாளி வந்தால்தான் நிறைகிறது. பைபிளின் உபாகமம் 16ஆம் அதிகாரம் இதை எப்படிக் கொண்டாட வேண்டும் என்று சொல்லும்போது, நீயும் உன் மகனும் மகளும் வேலைக்காரரும் மட்டுமல்ல, ஊருக்குள் இருக்கும் அந்நியனும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் கூட சந்தோஷப்பட வேண்டும் என்று பட்டியலே போடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இன்னும் கடுமையாகவே எழுதினார்: கதவைத் தாழிட்டுக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு மட்டும் தின்று குடித்து, ஏழைக்கு ஒன்றும் கொடுக்காதவனுடையது பண்டிகை மகிழ்ச்சி அல்ல, அவன் வயிற்றின் மகிழ்ச்சி என்று.

தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு இதைக் 'கூடாரப்பண்டிகை' என்று தெரிந்திருக்கும். யோவான் சுவிசேஷம் 7ஆம் அதிகாரத்தில் இயேசு எருசலேமுக்குப் போவது இந்தப் பண்டிகைக்குத்தான். எபிரேயத்தில் குடிலுக்கு சுக்கா, பன்மையில் சுக்கோத். அவர்களுடைய வழிபாட்டில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு, 'நம் மகிழ்ச்சியின் காலம்'.

எந்த நாளில் போவது

முதலில் தேதி. எபிரேய நாள்காட்டியில் திஷ்ரி மாதம் 15ஆம் தேதி, பௌர்ணமியை ஒட்டித் தொடங்கும். அவர்களுக்கு நாள் என்பது சூரியன் மறையும்போதே ஆரம்பமாகிவிடும், அதனால் முந்தின நாள் மாலையையே தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். 2026இல் செப்டம்பர் 25 வெள்ளி மாலை, 2027இல் அக்டோபர் 15 வெள்ளி மாலை. ஏழு நாள் நடக்கும். அதோடு ஒட்டி எட்டாம் நாள் ஷெமினி அட்செரெத், அப்புறம் தோரா என்னும் யூத வேதத்தைக் கொண்டாடும் சிம்ஹாத் தோரா. கடைசி இரண்டும் இஸ்ரேலில் ஒரே நாளில் முடிந்துவிடும், வெளிநாடுகளில் பொதுவாக அடுத்தடுத்த இரண்டு நாள்.

அழைப்பு எந்த நாளுக்கு என்பதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. இஸ்ரேலில் முதல் நாளும் எட்டாம் நாளும், வெளியே முதல் இரண்டும் கடைசி இரண்டும், முழுப் பண்டிகை நாள்கள். மரபைக் கடைப்பிடிக்கும் வீடுகளில் அன்று போன் தொட மாட்டார்கள், விளக்கு ஸ்விட்சைப் போட மாட்டார்கள், எழுத மாட்டார்கள், கார் ஓட்ட மாட்டார்கள். நடுவில் வரும் நாள்கள், ஹோல் ஹமோஎத் என்பார்கள், கொஞ்சம் தளர்ந்தவை; போட்டோவும் எடுக்கலாம், அரட்டையும் நீளும். முதல்முறை போகிறவர்களுக்கு நடு நாள்தான் வசதி என்பது என் கருத்து. ஆனால் முதல் இரவு அழைப்பு கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

எதற்காக வெளியே போய் உட்காருகிறார்கள்

லேவியராகமம் 23 சொல்லும் காரணம்: எகிப்திலிருந்து புறப்பட்டு வந்தபோது இஸ்ரயேலரைக் குடில்களில் குடியிருக்கச் செய்ததைப் பின்வரும் தலைமுறைகள் அறிய வேண்டும் என்பதற்காக. அதோடு இது அறுவடை முடிந்து தானியமும் திராட்சையும் வீடு வந்து சேரும் காலம். பண்டிகையின் அடியில் விவசாயம் இருக்கிறது. அந்தக் குடில்கள் எப்படிப்பட்டவை என்பதில் தால்முத் என்னும் யூதச் சட்ட விவாதத் தொகுப்பின் காலத்து ரபிகளுக்குள்ளேயே, அதாவது சமய ஆசான்களுக்குள்ளேயே, கருத்து வேறுபாடு. ரபி அகிவா அவை நிஜமான குடில்கள் என்றார். ரபி எலியேசரோ, பாலைவனத்தில் மக்களைக் காத்த கடவுளின் மகிமை மேகங்களைத்தான் குடில் என்கிறது வேதம் என்றார். நீங்கள் உட்காரப்போகிற மேசையிலும் இந்த விவாதம் எழ வாய்ப்பு அதிகம், அப்போது இரண்டு பெயரும் தெரிந்திருந்தால் நீங்களும் கலந்துகொள்ளலாம்.

இன்னொரு கேள்வி எனக்கு அதைவிடப் பிடிக்கும். எகிப்திலிருந்து புறப்பட்டது வசந்த காலத்தில், பாஸ்காவின்போது. பின்னே ஏன் ஆறு மாதம் கழித்து இலையுதிர் காலத்தில் குடில் கட்டுகிறார்கள்? 14ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் யாக்கோவ் பென் ஆஷெர் தந்த பதில்: வசந்தத்திலும் கோடையிலும் நிழலுக்காக எல்லாரும்தான் பந்தல் போடுவார்கள், அது சுகத்துக்காக என்று தோன்றும், குளிரும் மழையும் வருகிறதென்று ஊரே வீட்டுக்குள் போகிற நேரத்தில் நாம் வீட்டைவிட்டு வெளியே வந்தால்தான் இது கட்டளைக்காகச் செய்வது என்று தெரியும்.

இதற்கு ஐந்து நாள் முன்னால்தான் யோம் கிப்பூர். இருபத்தைந்து மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல், வருஷம் முழுக்கச் செய்த தவறுகளை நினைத்து மன்னிப்புக் கேட்கும் நாள். அந்த பயத்தையும் கண்ணீரையும் கடந்து வந்த மனசோடுதான் சுக்கோத்தில் உட்காருகிறார்கள். விருந்து கொடுப்பவர் முகத்தில் தெரிகிற லேசான நிம்மதிக்குக் காரணம் அதுதான்.

குடில் கட்டும்போதே போய் நில்லுங்கள்

நெருங்கிப் பழகியவர் வீடு என்றால் விருந்துக்கு மட்டும் போகாதீர்கள், கட்டும்போதே ஒரு கை கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். யோம் கிப்பூர் முடிந்து உண்ணாநோன்பை முறித்த அன்று இரவே முதல் ஆணியை அடிப்பது பல குடும்பங்களில் வழக்கம். அடுத்த நாலு நாளும் கொல்லைப்புறம், மாடி, பால்கனி, ஓட்டல் வாசல் என்று எங்கு பார்த்தாலும் மரச்சட்டமும் துணியும் ஏறிக்கொண்டிருக்கும். எருசலேமின் சமயப்பற்று மிகுந்த குடியிருப்புகளில் பால்கனிகளை ஒன்றின்மேல் ஒன்று நேராக வராமல் மாடிக்கு மாடி தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு பால்கனிக்கும் மேலே வானம் திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் அங்கே குடில் போட முடியும்.

சுவரைப் பற்றிச் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. பலகை, செங்கல், தார்ப்பாய், துணி எதுவும் ஆகும். குறைந்தது இரண்டு முழுச் சுவரும் மூன்றாவதில் ஒரு கைப்பிடி அளவும் இருந்தாலே சட்டப்படி போதும், ஆனால் எல்லாரும் மூன்றோ நான்கோ வைப்பார்கள். காற்று வீசினால் நிற்க வேண்டும், துணி படபடவென்று அடித்துக்கொண்டிருக்கக் கூடாது, அதற்காகவே துணிச் சுவரின் உள்பக்கம் கயிறோ பட்டையோ குறுக்கே வரிசையாக இழுத்துக் கட்டுவார்கள். உயரம் சுமார் 80 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது, ஒன்பது பத்து மீட்டரைத் தாண்டக் கூடாது. மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு இதைவிட விநோதமான இடங்களையெல்லாம் யோசித்துவைத்திருக்கிறது: வண்டிமேல், கப்பலில், மரத்தின்மேல், ஒட்டகத்தின்மேல் கட்டிய குடில் செல்லுமா என்று. ஒரு பக்கத்துக்கு யானையைச் சுவராக நிறுத்தினால் செல்லுமா என்றுகூடத் தால்முத்தில் விவாதம் உண்டு. அதே பகுதியில் ஒரு சம்பவமும் வருகிறது. ரபன் கம்லியேலும் ரபி அகிவாவும் கப்பலில் போகும்போது அகிவா முன்பக்கத்தில் ஒரு குடில் கட்டினாராம். மறுநாள் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. "அகிவா, உன் குடில் எங்கே?" என்று கேட்டாராம் கம்லியேல்.

சட்டம் உயிராக நினைப்பது கூரையை. அதற்கு ஸ்கக் என்று பெயர். மண்ணில் முளைத்ததாக இருக்க வேண்டும், வெட்டி எடுத்ததாகவும் இருக்க வேண்டும். பேரீச்சை மட்டை, மூங்கில், இலையோடு கூடிய கிளை எல்லாம் ஆகும். பிளாஸ்டிக், தகரம், துணி ஆகாது. வேரோடு நிற்கும் மரத்தின் கிளைக்குக் கீழே கட்டினாலும் செல்லாது. சுவரை நிறுத்திய பிறகுதான் கூரையைப் போட வேண்டும், போன வருஷக் கூரை அப்படியே கிடந்தால் தூக்கித் தூக்கித் திரும்ப வைக்க வேண்டும், இந்தப் பண்டிகைக்காக இப்போது செய்தது என்று ஆக வேண்டும் என்பதற்காக. கல்யாணத்துக்குக் கீற்றுப் பந்தல் போட்டுப் பழகிய நமக்கு இந்தக் கூரையின் விதி தலைகீழாகத் தெரியும். உள்ளே வெயிலைவிட நிழல் அதிகம் இருக்க வேண்டும், அது சரி. ஆனால் மழை இறங்கவே முடியாதபடி நெருக்கி வேயக் கூடாது, இரவில் அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரம் தெரிவது உத்தமம். நீங்கள் ஆர்வக்கோளாறில் இடைவெளியையெல்லாம் அடைத்துவிட வேண்டாம், அவர்கள் மேலே ஏறி மறுபடி விலக்கிவிடுவார்கள்.

அலங்காரம் குழந்தைகளின் பொறுப்பு. காகிதச் சங்கிலி, மாதுளை, சின்னப் பரங்கி, சோளக் கதிர், எருசலேம் படங்கள் எல்லாம் கூரையிலிருந்து தொங்கும். உங்களோடு பிள்ளைகள் வந்தால் கத்தரிக்கோலும் பசையும் கொடுத்து இதில் இறக்கிவிடுங்கள், பாஷை தெரியாவிட்டாலும் பத்து நிமிஷத்தில் ஒட்டிக்கொள்வார்கள். ஒரு எச்சரிக்கை: தொங்கவிட்ட பழத்தைப் பறித்துச் சாப்பிடக் கூடாது, பண்டிகை முடியும்வரை அது குடிலுக்குச் சொந்தம்.

நான்கு செடிகள்

குடிலுக்கு அடுத்தது அர்பா மினிம், அதாவது நான்கு வகைச் செடிகள். பண்டிகைக்கு முந்தின நாள்களில் எருசலேமிலோ புருக்ளினிலோ இருந்தால் இதற்கான சந்தைக்குக் கட்டாயம் போய்ப் பாருங்கள். எத்ரோக் என்னும் பழம்தான் எல்லாருடைய கவலையும். நார்த்தங்காய்க்கு நெருங்கிய உறவான மஞ்சள் பழம், தடித்த மேடு பள்ளமான தோல், விரலில் தேய்த்தால் அரை நாள் மணக்கும். வாங்குகிறவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, சிலர் நகைக்கடைக்காரர் மாதிரி பூதக்கண்ணாடியே வைத்து, மேல் பாகத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா, வடிவம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். நுனியில் பிதோம் என்று ஒரு சின்னக் காம்பு துருத்திக்கொண்டிருக்கும். காம்போடு வளர்ந்த பழத்தில் அது ஒடிந்துபோனால் முதல் நாள் சடங்குக்கு ஆகாது. அதனால்தான் சணல் நாரில் பொதிந்து பெட்டிக்குள் வைக்கிறார்கள், சில வீடுகளில் அது வெள்ளிப் பெட்டி. இத்தாலியின் கலாப்ரியா, மொராக்கோ, இஸ்ரேல் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு ஊர் எத்ரோக்மேல் பிடிப்பு. உங்கள் கையில் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குங்கள், நுனியைத் தொடாதீர்கள்.

மற்ற மூன்று: லுலாவ் என்பது பேரீச்சையின் இன்னும் விரியாத குருத்தோலை, ஒன்று, ஹதாஸ் என்னும் மிருதுச்செடிக் கிளை மூன்று, அராவா என்னும் வில்லோ மரக் கிளை இரண்டு. லுலாவை நடுவில் வைத்து, அதன் முதுகு நம் பக்கம் பார்க்க, வலப்புறம் மிருதுச்செடியும் இடப்புறம் வில்லோவும் சேர்த்துக் கட்டுவார்கள். இந்தக் கட்டு வலது கையில், எத்ரோக் இடது கையில். ஆசீர்வாதம் சொல்லும்வரை எத்ரோக்கைத் தலைகீழாகப் பிடித்திருந்து, சொல்லி முடித்ததும் நிமிர்த்தி, இரண்டு கையையும் சேர்த்துக் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, மேல், கீழ் என்று ஆறு திசைக்கும் ஆட்டுவார்கள். வரிசை சமூகத்துக்குச் சமூகம் மாறும். ஓய்வுநாளில் இதைச் செய்வதில்லை, அதனால் 2026இலும் 2027இலும் முதல் நாள் சனிக்கிழமை என்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் இதைப் பார்க்க முடியும்.

பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் போகிற ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் நாளன்று இந்தச் செடிகள் அவரவர்க்குச் சொந்தமாக இருக்க வேண்டும், இரவல் செல்லாது. எல்லாராலும் வாங்க முடியாதே? அதனால் வைத்திருப்பவர் இல்லாதவரிடம் "திருப்பித் தருவாய் என்ற நிபந்தனையோடு உனக்கே பரிசாகத் தருகிறேன்" என்று கொடுத்துவிடுவார். அவர் தன்னுடையதாகவே ஆசீர்வாதம் சொல்லிவிட்டுத் திருப்பிப் பரிசளிப்பார். ஒரே எத்ரோக் காலையில் பல பேருக்குச் சொந்தமாகிவிடும்.

இதன் அர்த்தத்துக்கு லேவியராகமத்தின்மேல் எழுந்த மித்ராஷ் என்னும் பழைய விளக்க நூல் ஒன்று சொல்லும் விளக்கத்தை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எத்ரோக்குக்குச் சுவையும் மணமும் உண்டு, பேரீச்சைக்குச் சுவை மட்டும், மிருதுச்செடிக்கு மணம் மட்டும், வில்லோவுக்கு இரண்டும் இல்லை. வேத அறிவும் நற்செயலும் உள்ளவர், ஒன்று மட்டும் உள்ளவர், இரண்டுமே இல்லாதவர் என்று மக்கள் நான்கு விதம். வில்லோவைத் தூக்கி எறிந்துவிட்டு மூன்றை மட்டும் எடுத்தால் சடங்கே செல்லாது. எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டுங்கள், ஒருவர் குறையை மற்றவர் ஈடுகட்டட்டும் என்று கடவுள் சொன்னதாக மித்ராஷ் முடிக்கிறது.

இந்தச் செடிகளுக்காக எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதற்கு ஒரு கடிதமே சாட்சி. ரோமுக்கு எதிராக 132 முதல் 135 வரை கிளர்ச்சி நடத்திய பார் கோக்பாவின் கடிதங்களை 1960இல் யூதேயப் பாலைவனக் குகை ஒன்றில் யிகேல் யாதின் குழு கண்டெடுத்தது. அதில் ஒன்றில், இரண்டு கழுதைகளை அனுப்பியிருக்கிறேன், பேரீச்சங்கிளைகளும் எத்ரோக்கும் ஏற்றி முகாமுக்கு அனுப்பச் சொல், மிருதுச்செடியும் வில்லோவும் கொண்டுவர வேறு ஆள்களை அனுப்பு என்று உத்தரவு இருக்கிறது. போர் நடுவிலும் பண்டிகைக்குச் செடி தேடியிருக்கிறார்கள்.

விருந்தன்று

உடை: குளிர் நாடுகளில் ஒரு ஸ்வெட்டரோ ஜாக்கெட்டோ கட்டாயம், வெளியேதான் உட்காரப் போகிறீர்கள். பகல் விருந்து என்றால் இனிப்பைத் தேடிக் குளவி வரும், பதறாமல் இருங்கள். மரபான வீடுகளில் தோளும் முழங்காலும் மூடிய உடை நல்லது. ஆண்களுக்குத் தொப்பி கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

கையில் என்ன கொண்டுபோவது? கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். கோஷர் என்னும் யூத உணவு விதிகளைக் கடைப்பிடிக்கும் வீட்டில் வெளியே சமைத்ததை மேசைக்குக் கொண்டுவர முடியாது, நீங்கள் எவ்வளவு ஆசையாகச் செய்த பாயசமாக இருந்தாலும் சரி. கோஷர் முத்திரை உள்ள சாக்லேட், திறக்காத பெட்டியில் பேரீச்சம்பழம், பூங்கொத்து எல்லாம் பொருத்தம். பண்டிகை தொடங்குவதற்கு முன்பே, பகலில் கொடுத்தனுப்பினால் அவர்களுக்கு இன்னும் சௌகரியம். ஒயின் பாட்டிலை நீங்களாகத் திறந்து ஊற்ற வேண்டாம், வீட்டுக்காரர் ஊற்றட்டும். சமயக் கட்டுப்பாடு மிகுந்த வீடுகளில் ஒயினை யார் கையாளலாம் என்பதற்குப் பழைய விதிகள் உண்டு, தெரியாமல் எடுத்துவிட்டால் அவர்கள் சொல்லவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் தர்மசங்கடப்படுவார்கள். அதை உங்களை ஒதுக்குவதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

வாழ்த்து எளிது. முழுப் பண்டிகை நாளில் "ஹாக் சமேயா". நடு நாள்களில் இஸ்ரேலில் "மோஅதிம் லெசிம்ஹா" என்பார்கள்.

உள்ளே நுழைந்ததும் சில குடும்பங்களில் உஷ்பிஸின், அதாவது விருந்தாளிகள், அழைப்பு நடக்கும். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது ஆகிய ஏழு பேரையும் ஏழு இரவுக்கு விருந்தாளிகளாக அழைப்பது கபாலா என்னும் யூத மறைஞான மரபில் வந்த வழக்கம், ஒவ்வொரு இரவும் ஒருவர் முதன்மை விருந்தாளி. இப்போது பல வீடுகளில் சாராள், மிரியாம், தெபோராள் முதலிய பெண்களையும் சேர்த்து அழைக்கிறார்கள். முன்னோர்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு உயிரோடு இருக்கிற ஏழையை வாசலில் நிறுத்தக் கூடாது என்ற பழைய எச்சரிக்கையும் இந்த வழக்கத்தோடு சேர்ந்தே வருகிறது, முன்னோர்களுக்கான பங்கை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள்.

அப்புறம் வீட்டுத் தலைவர் கோப்பையை ஏந்தி ஒயின்மேல் கித்தூஷ் என்னும் ஆசீர்வாதம் சொல்வார், குடிலில் அமர்வதற்கான ஆசீர்வாதமும் சேர்ந்து வரும். எல்லாரும் நிற்கிறார்களா என்று பார்த்து நீங்களும் நில்லுங்கள், ஆமேன் சொல்லலாம். அடுத்து கை கழுவப் போவார்கள், இரண்டு காதுள்ள குவளையால் ஒவ்வொரு கையிலும் ஊற்றுவார்கள். கழுவியதற்கும் ரொட்டி சாப்பிடுவதற்கும் நடுவில் யாரும் பேச மாட்டார்கள். புதிதாக வருபவர்கள் திகைப்பது இங்கேதான்: சற்று முன்வரை கலகலவென்று பேசியவர்கள் திடீரென்று வாய்மூடி, தலையை மட்டும் ஆட்டி உட்காரச் சொல்வார்கள். கோபமில்லை, ஒரு நிமிஷம் பொறுங்கள். ஹல்லா ரொட்டியை வெட்டி, இந்தக் காலத்தில் பல வீடுகளில் உப்போடு தேனும் தொட்டுத் தருவார்கள். அதோடு பேச்சு மீண்டும் ஆரம்பம்.

சாப்பாடு குடும்பத்தின் பூர்வீகத்தைப் பொறுத்தது. அறுவடைக் காலம் என்பதால் உள்ளே நிரப்பிய பதார்த்தங்கள் அதிகம், கிழக்கு ஐரோப்பியக் குடும்பமென்றால் அரிசியும் இறைச்சியும் பொதிந்த முட்டைக்கோஸ் உருண்டை வரும். சைவம் சாப்பிடுபவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இறைச்சியையும் பாலையும் கலக்காத சமையல் என்பதால் இதைப் புரிந்துகொள்வதில் அவர்களுக்குச் சிரமமே இருக்காது.

மழை வந்தால்? சாப்பாடு கெட்டுப்போகிற அளவுக்குப் பெய்தால் உள்ளே போய்விடலாம், அதுதான் சட்டம். குடிலில் அவதிப்படுபவருக்குக் கடமையிலிருந்து விலக்கு. ஆனால் சந்தோஷமாகப் போக மாட்டார்கள். மிஷ்னா இதற்கு உவமை சொல்கிறது: எசமானுக்குக் கோப்பையில் ஊற்ற வந்த வேலைக்காரன் முகத்தில் அவரே குடத்துத் தண்ணீரைக் கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி என்று. தட்டையும் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் உள்ளே ஓடும்போது நீங்களும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடுங்கள், பத்து நிமிஷத்தில் மழை விட்டால் திரும்ப ஓடி வர வேண்டியிருக்கும்.

நடு நாள்கள்

எருசலேமில் இருந்தால் இந்த நாள்களில் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். மேற்குச் சுவர் அருகே ஆயிரக்கணக்கானோர் கூடி, ஆசாரிய வம்சத்தினர் வெள்ளைச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஆசீர்வதிக்கும் சடங்கு நடக்கும். பஸ்கள் நிரம்பி வழியும், சீக்கிரம் புறப்படுங்கள். இரவில் மேயா ஷெயாரிம் போன்ற இடங்களில் இசையும் ஆட்டமும். இது பழைய எருசலேம் ஆலயக் காலத்து நீர் மொள்ளும் விழாவின் தொடர்ச்சி. சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து பலிபீடத்தில் ஊற்றுவார்களாம். பிரகாரத்தில் உயரமான பொன் விளக்குகள், குருக்களின் பழைய ஆடையைக் கிழித்துத் திரித்த திரிகள். நீர் மொள்ளும் விழாவின் மகிழ்ச்சியைப் பார்க்காதவன் வாழ்நாளில் மகிழ்ச்சியையே பார்க்காதவன் என்கிறது மிஷ்னா. ரபன் சிமியோன் பென் கம்லியேல் எட்டுத் தீப்பந்தங்களை ஒன்றோடொன்று மோதாமல் மாற்றி மாற்றி எறிந்து பிடிப்பார் என்று தால்முத் சொல்கிறது. மக்கள் மன்றத்தின் தலைமையில் இருந்த பெரியவர் அவர்.

நியூயார்க்கில் இருப்பவர்களுக்கு: சபாத் (Chabad) என்னும் யூதச் சமய இயக்கத்து இளைஞர்கள் சிறு லாரியின் முதுகில் குடிலைக் கட்டி மன்ஹாட்டன் தெருக்களில் நிறுத்தி, போகிறவர் வருகிறவரிடம் "நீங்க யூதரா?" என்று கேட்பார்கள். ஆமென்றால் ஏற்றி லுலாவைக் கையில் கொடுப்பார்கள். இல்லையென்று சொன்னாலும் கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள், தயங்காமல் கேளுங்கள்.

ஏழாம் நாள் ஹோஷானா ரப்பா. அன்று ஜெப ஆலயத்தில் லுலாவோடு மேடையை ஏழு முறை சுற்றி, கடைசியில் ஐந்து வில்லோக் கிளைகளைச் சேர்த்துத் தரையில் அடிப்பார்கள். இலை நாலா பக்கமும் சிதறும். வருஷத்தின் தீர்ப்பு முழுதாக முத்திரையிடப்படும் நாள் என்ற நம்பிக்கையால் முந்தின இரவு முழுக்கக் கண்விழித்து வேதம் படிப்பவர்களும் உண்டு.

எட்டாம் நாளும் தோரா ஆட்டமும்

எட்டாம் நாள் மழைக்காகப் பிரார்த்தனை தொடங்குகிறது. அதற்கு முன் கேட்டால் குடிலில் உட்கார்ந்துகொண்டே மழை வேண்டியதாகிவிடும். ஆனால் இங்கே செய்வது மழை தருபவர் என்று கடவுளைப் போற்றுவது மட்டும்தான். மழையைக் கொடு என்று நேரடியாகக் கேட்பதை இஸ்ரேலில் இன்னும் இரண்டு வாரம் தள்ளி, ஹெஷ்வான் மாதம் 7ஆம் தேதிதான் தொடங்குவார்கள். எருசலேமுக்குப் பண்டிகைக்கு வந்த கடைசி யாத்திரிகன் ஐப்பிராத்து நதியை எட்டுவதற்கு அவ்வளவு நாள் ஆகும், அவன் வழியில் நனையக் கூடாது என்பதற்காக. ஆலயம் இடிக்கப்பட்டு ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷம் ஆகிறது, அந்த யாத்திரிகனுக்காக இன்றும் காத்திருக்கிறார்கள்.

சிம்ஹாத் தோரா அன்று இரவு ஜெப ஆலயத்துக்குப் போகக் கிடைத்தால் போய்விடுங்கள். வருஷம் முழுக்க வாராவாரம் படித்து வந்த தோராவின் கடைசிப் பகுதியைப் படித்து முடித்து, மூச்சு விடாமல் 'ஆதியிலே' என்று முதல் அதிகாரத்துக்குத் திரும்பும் நாள் இது. பேழையிலிருந்து எல்லாத் தோராச் சுருளையும் எடுத்து ஏழு சுற்று சுற்றுவார்கள், ஒவ்வொரு சுற்றும் பாட்டும் ஆட்டமுமாக நீண்டுகொண்டே போகும்; தாத்தாக்கள் சுருளை மார்போடு அணைத்தபடி ஆடுவார்கள், பிள்ளைகள் கொடியோடு அப்பாக்களின் தோளில் இருப்பார்கள், மிட்டாய் பறக்கும். வசதியான செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள். சுருள் பக்கத்தில் வரும்போது வழிவிடுங்கள், ஆட்ட வட்டத்தில் கையை நீட்டினால் சேர்ந்துகொள்ளுங்கள். மரபான இடங்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனி வட்டம். பெரிய நகரங்களில் பல ஜெப ஆலயங்களில் பாதுகாப்புச் சோதனை இருப்பதால், உங்களை அழைத்தவர் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன நாள் என்று தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ் உதாரணம். 1663 அக்டோபர் 14 அன்று ஜெப ஆலயம் பார்க்கப் போனவர், சிம்ஹாத் தோரா என்பது தெரியாமல், ஒழுங்கே இல்லாமல் சிரிப்பும் கூத்துமாக இருக்கிறது என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதே ஆட்டம் 1960களில் மாஸ்கோவில் வேறொரு வேலை செய்தது. சமயத்தை வெளிப்படையாகக் கொண்டாட முடியாத சோவியத் காலத்தில், எபிரேயம் ஒரு எழுத்தும் தெரியாத இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அந்த ஒரு இரவு பெரிய ஜெப ஆலயத்தின் வாசல் தெருவில் கூடிப் பாடி ஆடினார்கள். நம் பக்கத்திலேயே, கொச்சி யூதர்கள் இந்த நாளுக்குப் பேர்போனவர்கள். சுருள்களை ஜெப ஆலயத்துக்கு வெளியே எடுத்து வந்து சுற்றி வருவது அவர்கள் வழக்கம். 1950களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இப்போதும் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு போங்கள். 2023 அக்டோபர் 7, ஹமாஸ் தாக்குதல் நடந்த நாள், இஸ்ரேலில் சிம்ஹாத் தோரா. அதன் பிறகு பல இடங்களில் இந்த இரவில் ஆட்டமும் அஞ்சலியும் சேர்ந்தே நடக்கின்றன. ஒரு சுற்றில் பாட்டு தாழ்ந்து போனாலோ, உங்களை அழைத்தவர் ஓரமாகப் போய் நின்றாலோ விசாரிக்க வேண்டாம், பக்கத்தில் நில்லுங்கள். அரசியல் விவாதத்தை அங்கே ஆரம்பிக்காதீர்கள்.

மறுநாள் பிரிக்கும் வேலைக்கும் ஆள் தேவைப்படும், கட்டப் போனவர்கள் பிரிக்கவும் போங்கள். கூரை ஓலையை மிதிக்காமல் ஒதுக்கி வைப்பார்கள், மூங்கில் பாயைச் சுருட்டி அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைப்பார்கள். எத்ரோக்கை ஜாம் காய்ச்சுவார்கள், அல்லது முழுக்கக் கிராம்பு குத்தி ஓய்வுநாள் முடிகையில் முகரும் வாசனைப் பொருளாக வைத்துக்கொள்வார்கள். காய்ந்த லுலாவைப் பலர் தூக்கிப் போடுவதில்லை, அலமாரி மேலேயே கிடக்கும். பாஸ்காவுக்கு முந்தின நாள் காலை வீட்டிலிருக்கும் புளித்த மாவுப் பண்டங்களை எரிக்கும்போது அதையும் அந்த நெருப்பில் போடுவார்கள். அப்போதும் அழைப்பார்கள், போய் வாருங்கள்.